பிரேக் போல்ட்: கழற்றியதையே திரும்பப் பூட்டலாமா?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் தன்னுடைய ஹொண்டா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினான். முன் பிரேக்கில், சில்லோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட் தேய்ந்து முடியும் தறுவாயில் இருந்தது. புதிய பேட்டைக் கையோடு வாங்கி வந்திருந்தான். பேட்டை உள்ளே வைத்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, பேட்டை மாற்றி, மறுபடி பூட்டிவிட வேண்டியதுதான். அரை மணி நேர வேலை. சாக்கை விரித்து உட்கார்ந்தேன். காலிப்பரை, முன் சில்லைத் தாங்கும் போர்க் என்ற கவையோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி ஒரு சிரட்டைக்குள் போட்டேன். பேட்டை மாற்றிவிட்டுச் சிரட்டைக்குள் கை விட்டபோது, அவன் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இந்த போல்ட்டைத் திரும்பப் பூட்டக்கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கிறது. புதியதுதான் போட வேண்டுமாம்.”

சிரட்டையில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். வளைவு இல்லை, கறள் இல்லை, தலை மழுங்கவில்லை. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை எழுப்பிவிட்டு, மிச்ச தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய, யாழ்ப்பாணத்தின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் காலத்தில் ஒரு போல்ட் என்பது, ஒரு வண்டி செத்தால் அடுத்த வண்டிக்குப் போகும் சொத்து. நல்ல போல்ட்டை எறி என்று சொல்வது, பானையில் இருக்கும் நல்ல சோற்றை எறி என்பது போலத்தான் என் காதில் விழும். கம்பனிக்காரன் சாமான் விற்பதற்காக எழுதிவைத்திருப்பான் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. அவன் படித்த பிள்ளை, காரணம் கேட்பான். காரணத்தை அவனுக்குச் சொல்லத் தொடங்கியபோதுதான், எனக்குப் பழக்கமாக மட்டும் தெரிந்த விடயம் ஒன்று எனக்கே தெளிவானது.

பிரேக்கில் இருக்கும் போல்ட் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்று பல தடவை வேலை செய்யக்கூடியதா, ஒரு தடவையோடு முடிந்துவிடுவதா என்று பார்த்தால், பழையதைப் பூட்டலாமா என்ற கேள்விக்குத் தானாகவே விடை வந்துவிடும்.

போல்ட் ஒரு சுருள்வில்

சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதுபோல, போல்ட்டில் காலிப்பர் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் ஏற்றிக் கட்டிய கயிற்றை நினைத்துக்கொண்டால் உண்மைக்குக் கிட்ட வரலாம். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை பாரம் அசையாது. கயிறு அறாமலே தளர்ந்தால் போதும், அடுத்த திருப்பத்தில் வைக்கோல் வீதியில் கிடக்கும். கயிற்றின் பலத்தைவிட, அதில் இருக்கும் இழுவைதான் பாரத்தைப் பிடிக்கிறது.

போல்ட்டும் அப்படியே. முறுக்கும்போது அது நீள்கிறது. உருக்கு நீளுமா என்று கேட்கலாம், நீளும். முறுக்கும் அளவை நியூட்டன் மீற்றரில் சொல்வார்கள்; 8 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றை 25 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்கினால், 30 மில்லிமீற்றர் நீளத்துக்கு அது ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் நீளும். ஒரு தலைமயிரின் தடிப்பு. அந்தத் தலைமயிரளவு நீட்சி தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் விசைதான் காலிப்பரைப் போர்க்கோடு அழுத்திப் பிடிக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு போல்ட்டுக்கு ஒன்றரைத் தொன்னுக்கும் மேலே வரும். சிறிய கார் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்தது போன்ற அழுத்தம்.

இவ்வளவு அழுத்தம் எதற்கு? ஆளும் வண்டியுமாக 220 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தியில் நாய் குறுக்கே பாய்ந்து, முன் பிரேக்கை ஓங்கிப் பிடிக்கிறீர்கள். ரயரும் வீதியும் உரசும் இடத்தில் 1,500 நியூட்டன் அளவு விசை எழும். டிஸ்க், சில்லைவிடச் சிறியது. அதனால் அதே பிடி காலிப்பருக்கு வரும்போது நெம்புகோல் கணக்கில் பெருகி 4,000 நியூட்டனைத் தாண்டும். அதாவது 400 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் காலிப்பரைச் சில்லோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அதைத் தடுப்பது காலிப்பருக்கும் போர்க்குக்கும் இடையிலான உராய்வு. போல்ட் இறுக்கமாக இருந்தால் அந்த உராய்வே பாரத்தைத் தாங்கும். போல்ட்டைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் விசை அதன் உடம்பில் ஏறவே ஏறாது. இறுக்கம் பாதியாகிவிட்டால் உராய்வு போதாது. காலிப்பர் நூலிழை அளவு நகரும், திரும்பும், மறுபடி நகரும். போல்ட் அறுவது இப்படித்தான் தொடங்குகிறது.

சரியான அளவில் முறுக்கிய போல்ட், கழற்றியதும் தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அப்படியானால் அதை மறுபடி பூட்டுவதில் குற்றமில்லை. அளவு மீறி முறுக்கினால் திரும்பாது. இழுத்து இழுத்து இளகிய இறப்பர் வளையம் போல நிரந்தரமாக நீண்டு நின்றுவிடும். கார் எஞ்சின்களின் தலைப்பகுதியில் வேண்டுமென்றே அந்த எல்லைவரை இழுத்துப் பூட்டும் போல்ட்டுகள் உண்டு. அவை பிறந்ததே ஒரு தடவைக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக்கில் இருப்பவை பெரும்பாலும் அந்த வகை அல்ல. ஆகவே ‘போல்ட் நீண்டிருக்கும், அதனால் மாற்று’ என்று சொல்வோரின் காரணம் இங்கே பொதுவாகப் பொருந்தாது. கையேடு மாற்றச் சொல்வது வேறு காரணத்துக்காக.

நீல நிறத் தடயம்

மருமகனிடம் அந்த போல்ட்டைக் கொடுத்து, புரியின், அதாவது திருகு வரிகளின், நுனிப் பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். நகத்தில் நீலத் தூள் ஒட்டியது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனான்.

அது தொழிற்சாலையில் பூசி அனுப்பிய பசை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கூடுகளுக்குள் பசை இருக்கும். முதல் தடவை முறுக்கும்போது கூடுகள் உடைந்து, பசை வெளிவந்து, புரிகளுக்கு இடையில் கல்லாக இறுகும். ஹொண்டாவின் கையேடுகள் பலவற்றில் காலிப்பர் போல்ட்டுக்கும் டிஸ்க் போல்ட்டுக்கும் எதிரே ‘புதியது போடவும்’ என்று இருப்பதற்கு இதுதான் காரணம். போல்ட் பழுதாகிவிடவில்லை. அதன் மேலிருந்த பசை, கழற்றிய அன்றே தன் ஒரே வேலையை முடித்துவிட்டது.

பசை இல்லாவிட்டால்தான் என்ன, இறுக்கமாக முறுக்கினால் போதாதா? கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியியலாளர் 1969 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. போல்ட்டின் நீளவாக்கில் குலுக்குவதைவிட, பிணைக்கப்பட்ட பாகங்கள் பக்கவாட்டில் நூலிழை நகர்வதுதான் போல்ட்டைத் தானாகச் சுழன்று கழல வைக்கிறது என்று அவர் காட்டினார். பிரேக் என்பது ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைக் கொடுக்கும் இடம். எங்கள் கராஜ்களில் சர்வரோக நிவாரணியாகப் போடப்படும் சுருள் வாசர், இந்தக் கழலலை எதிர்த்துப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை கோபிப்பார். முப்பது வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் கழலவில்லை என்பார். கழலாததற்குக் காரணம் அவருடைய கைப்பதம். வாசருக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பசை முடிந்த போல்ட்டைத் துப்புரவாக்கி, புதிதாகப் பசை பூசினால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். பெரும்பாலும் போதும். கடையில் லொக்டைட் என்று கேட்டால் தருவார்கள். அமெரிக்காவில் வேர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் 1953 இல் உருவாக்கியது. அதன் விசித்திரம், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும், உலோகங்களுக்கு இடையில் காற்றில்லாமல் அகப்பட்டதும் இறுகத் தொடங்கும். முழுப் பலம் வர ஒரு நாள் வேண்டும். நீலம் நடுத்தரப் பலம், கைக் கருவியால் கழற்றலாம். சிவப்பு நிரந்தரத்துக்கு; அதைக் கழற்ற 250 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டிவரும். பிரேக்கில் சிவப்பைப் பூசிவிட்டுப் போனவரை, அடுத்த தடவை கழற்றுபவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார்.

ஆனால் பழைய பசை போல்ட்டில் மட்டும் இருப்பதில்லை, துளைக்குள்ளும் இருக்கிறது. இரண்டிலும் எடுக்காமல் மேலே பூசினால் புதியது ஒட்டாது. அத்தோடு, மிஞ்சிய தூள் முறுக்கும்போது இடையில் உரசி, இறுகிவிட்டது போல் பொய்க் கணக்குக் காட்டும். எண்ணெய்ப் பசையும் போக வேண்டும். பெற்றோலில் கழுவினால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். பிரேக் துப்புரவாக்கும் திரவமே நல்லது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்யப் பொறுமை இருந்தால், காலிப்பர் போல்ட்டைத் திரும்பப் பூட்டலாம் என்பது என் கருத்து. பொறுமையில்லாதவருக்குப் புதிய போல்ட்டே மலிவு. கையேடு எழுதுபவருக்கு நம்முடைய பொறுமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் ஒரே வரியில் ‘புதியது’ என்று எழுதிவிடுகிறார். அது வியாபாரத் தந்திரம் என்று இப்போது நான் சொல்லமாட்டேன்.

டிஸ்க்கைச் சில்லோடு பிணைக்கும் போல்ட்டுகளில் நான் அந்தச் சலுகையைக்கூடக் கொடுப்பதில்லை. அவற்றின் தலை தட்டையானது, அலன் சாவி என்ற அறுகோணச் சாவி போடும் குழி ஆழமற்றது, பசையோ பலமானது. கழற்றும்போதே குழி பாதி மழுங்கிவிடும். நாலைந்து போல்ட்டுகளில் ஒன்று கழன்று வெளியே வந்தால் அது காலிப்பரில் முட்டும்; முன் சில்லு ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும். டிஸ்க்கைக் கழற்றும் வேலை பல வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஒருமுறைக்குப் புதியது போட்டுவிடுங்கள்.

செம்பு வாசரும் கொட்டர் பின்னும்

பிரேக் ஒயில் வரும் குழாயைக் காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட், நடுவில் துளையுள்ளது. ஒயில் அதன் உள்ளாலேயே போகிறது. உள்ளே துளை இருப்பதால் அதன் சுவர் மெல்லியது, அதிகமாக முறுக்கினால் முறிந்துவிடும். கறளோ கீறலோ இல்லாவிட்டால் அந்த போல்ட்டைத் திரும்பப் பூட்டலாம். மாற்ற வேண்டியது, அதன் இரு பக்கமும் இருக்கும் வாசர்களை. செம்பிலோ அலுமினியத்திலோ செய்த அந்த வாசர்கள், முறுக்கும்போது நசுங்கி, எதிரே உள்ள பரப்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அச்சு விழுந்து, அப்படித்தான் ஒயிலை அடைக்கின்றன. நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். அடுத்த தடவை புதிய அச்சை எடுக்காது. பழைய மெக்கானிக்குகள் அதை நெருப்பில் செந்தணலாகக் காய்ச்சி மறுபடி மென்மையாக்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். உலோக அறிவியலில் அது சரிதான், செம்பு மென்மையாகும். விழுந்த கீறல் ஆறாது, தடிப்பும் திரும்பாது. தடைக் காலத்தில் அது சாமர்த்தியம். இன்று ஒரு தேநீர்க் காசுக்காகப் பிரேக் ஒயிலைச் சிந்த விடுவது என்ன சாமர்த்தியமோ தெரியவில்லை. இந்த போல்ட்டைத் திறந்தால் குழாய்க்குள் காற்றுப் போகும், காற்றெடுக்க வேண்டும். பேட் மட்டும் மாற்றுபவர் இதைத் தொடவே தேவையில்லை.

பேட் தொங்கும் ஊசியில் பேட் உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் துடைத்துப் போடுங்கள். காலிப்பரின் இரு பாதிகளைச் சேர்க்கும் போல்ட்டுகளைப் புதியவர்கள் கழற்றவே வேண்டாம்.

டிஸ்க் இல்லாத வண்டிதானே என்னுடையது என்று இருப்பவர்களுக்கு: பின் டிரம் பிரேக் உள்ள வண்டிகள் பலவற்றில், பிரேக் தட்டு சில்லோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் தட்டையான கம்பி ஒன்று பிடித்திருக்கும். அதன் நட்டுக் கழன்றுவிடாமல், குறுக்கே செருகி நுனியை வளைத்துவிட்ட கொட்டர் பின் என்ற கம்பி ஊசி ஒன்று இருக்கும். அந்தக் கம்பி கழன்றால், பிரேக் பிடிக்கும்போது தட்டு முழுவதும் சில்லோடு சுற்றி, பிரேக் கம்பியை முறுக்கி, பின் சில்லைப் பூட்டிவிடும். போல்ட்டும் நட்டும் பல தடவை பூட்டத் தகுந்தவை. கொட்டர் பின்னோ ஒரு தடவைக்கு உரியது; வளைத்து நிமிர்த்திய கம்பி எங்கே முறியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இடத்தில் கம்பித் துண்டோ ஆணியோ செருகி ஓடும் வண்டிகள் எங்கள் வீதிகளில் எத்தனையோ. 2020 முதல் 2025 தொடக்கம்வரை நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்ததில், பழைய வண்டிகளே இன்னும் அதிகமாக ஓடுகின்றன. கொட்டர் பின்னைத் தேடிக் குனிந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

உப்புக் காற்று

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் நாளாந்தம் போய்வருபவரின் வண்டியையும் கொடிகாமத்தில் ஓடும் வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் வீதியின் இரு பக்கமும் கடல். குறிகட்டுவான் இறங்குதுறையில் வண்டியை விட்டுவிட்டு நயினாதீவுக்குப் படகேறுபவர், திரும்பி வரும்வரை வண்டி உப்பில் குளிக்கிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் அந்த உப்பு கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கும் வருகிறது. போதாக்குறைக்குச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் வண்டி கழுவுகிறோம். கரையோரக் கிணறுகளில் அது உவரும்கூட.

உருக்கு போல்ட், அலுமினியக் காலிப்பர், இடையில் உப்பு நீர். இந்த மூன்றும் சேர்ந்தால் சின்ன மின்கலம் ஒன்று உருவாகிவிட்டது என்று பொருள். அதில் கரைவது அலுமினியம். கழற்றிய துளைக்குள் வெள்ளைப் பொடி இருந்தால் அது அந்தக் கரைசலின் எச்சமாக இருக்கலாம். பொடி இடத்தை அடைத்துக்கொள்வதால் போல்ட் இறுகி ஒட்டிக்கொள்ளும். பலவந்தமாகத் திருப்பினால் அலுமினியப் புரியையும் சுருட்டிக்கொண்டு வெளியே வரும்.

இங்கேதான் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளவயதில் ஒரு காலிப்பர் போல்ட்டை, ஸ்பனரின் வாலில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி முறுக்கினேன். இறுகியது, இன்னும் இறுகியது, பிறகு திடீரென்று வெண்ணெய்க்குள் கரண்டி போனது போல் லேசானது. அந்த லேசு கையில் பட்டவர்களுக்குத்தான் வயிற்றில் என்ன நடக்கும் என்று தெரியும். போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்க்கின் அலுமினியப் புரி உரிந்து, போல்ட்டில் வெள்ளிக் கம்பியாகச் சுற்றியிருந்தது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, உருக்குச் சுருள் ஒன்றை உள்ளே இறக்கித் தந்தார்கள். அன்றிலிருந்து நான் போல்ட்டைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் துளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். போல்ட்டை வாங்கலாம். துளை, போர்க்கோடு பிறந்தது.

சரி, கையில் இருக்கும் பழைய போல்ட் தகுந்ததா என்று எப்படிப் பார்ப்பது? மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு துடையுங்கள். கறளைப் போக்குவதற்காகக் குளியலறை கழுவும் அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். பலமான உருக்குக்குள் ஐதரசன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கக்கூடும். பிறகு அதே அளவுப் புதிய போல்ட் ஒன்றின் புரியோடு புரி பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டும் பல்லோடு பல்லாகக் கடைசிவரை அமர வேண்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் பழையது நீண்டுவிட்டது. கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். பொருத்தமான நட் ஒன்று விரலாலேயே அடிவரை ஓட வேண்டும். மேலோட்டமான கறள் துடைத்தால் போய்விடும், பரவாயில்லை. துடைத்த பிறகும் அம்மைத் தழும்பு போல் குழிகள் தெரிந்தால், அல்லது புரி முடியும் கழுத்துப் பகுதி ஒடுங்கியிருந்தால், யோசிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். அலன் சாவி ஒருமுறை வழுக்கிய தலைக்கு இரண்டாம் தடவை கிடையாது.

புதியதெல்லாம் நல்லதல்ல

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டு, தெருமுனை இரும்புக் கடையில் அதே தடிப்பில் ஒன்றை வாங்கிப் போட்டால், பழையதையே பூட்டியிருக்கலாம். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று இருக்கும் எண்களுக்குப் பொருள் உண்டு. 8.8 என்றால் சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் இழுவையில் அறும். அதில் 80 வீதம்வரை, அதாவது 640 வரை, நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 10.9 என்றால் 1,000, அதில் 90 வீதம். தலையில் ஒன்றும் எழுதாத கதவு போல்ட் இதில் பாதியைக்கூடத் தாங்காமல் இருக்கலாம். ஜப்பானிய வண்டிகளின் சில போல்ட்டுகளில் இந்த எண்கள் இல்லாமல் வேறு குறிகள் இருக்கும், அது வேறு விடயம். துருப்பிடிக்காத உருக்கு போல்ட் பளபளப்பாக இருக்கும், எங்கள் உப்புக் காற்றுக்கு ஆசையாகவும் இருக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் வகை 450 இலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். பிரேக்கில் அதைப் போடாதீர்கள்; இலக்கத்தகட்டுக்குப் போடுங்கள்.

புரியின் இடைவெளியும் ஒரு பொறி. இரும்புக் கடையின் 10 மில்லிமீற்றர் போல்ட்டில் ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் இடையே பொதுவாக 1.5 மில்லிமீற்றர். ஜப்பானிய வண்டிகளின் 10 மில்லிமீற்றர் போல்ட்டில் பெரும்பாலும் 1.25. தவறானது இரண்டு சுற்று நல்ல பிள்ளையாக உள்ளே போகும், பிறகு இறுகும். இறுகிவிட்டது, நல்லது என்று நினைத்து ஸ்பனரை வைத்தால் துளை போயிற்று. நீளமும் அப்படியே. ஒரு கராஜில் வேலைக்கு விட்ட என் வண்டி, காலிப்பரில் வேறொரு போல்ட்டோடு திரும்பி வந்தது. சந்தேகப்பட்டுக் கழற்றினேன், நான்கு சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. அலுமினியத்தில் போல்ட்டின் தடிப்பைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே பிடிக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் போல்ட் என்றால் 12. அதில் பிடித்திருந்தது 5.

மீன் தராசு

அந்த ஞாயிறு வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. மருமகன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். திங்கட்கிழமை உதிரிப்பாகக் கடையில் அசல் போல்ட் கேட்டு, புதன்கிழமை அது வந்து சேர்ந்தது. அதற்கிடையில் துளையைத் துப்புரவாக்கினேன். அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது; என்னிடம் இல்லை. பழைய போல்ட் ஒன்றின் புரிக்குக் குறுக்கே, நீளவாக்கில் இரும்பு வாளால் இரண்டு கீறல் போட்டு, அதை விரலால் உள்ளே திருகித் திருகி எடுத்தேன். நீலத் தூளும் வெள்ளைப் பொடியும் அந்தக் கீறலுக்குள் சேர்ந்து வந்தன. புரி வெட்டும் கருவியை விட்டிருந்தால் அலுமினியத்தையும் சீவியிருக்கும்.

முறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று மருமகன் கேட்டான். இல்லை. மீன் சந்தைகளில் கொளுவி நிறுக்கும் சுருள்வில் தராசு இருக்கிறது. ஸ்பனரில், போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 25 சென்ரிமீற்றர் தூரத்தில் கயிறு கட்டி, தராசைக் கொளுவி, ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுத்தால், 10 கிலோ காட்டும்போது 25 நியூட்டன் மீற்றருக்கு மிகக் கிட்ட. கையேட்டில் 30 என்று இருந்தது. 12 கிலோவைச் சற்றுத் தாண்டும்வரை இழுத்தோம். “இவ்வளவுதானா, மாமா?” என்றான். இவ்வளவுதான். குழாய்த் துண்டு செருகி நான் அன்று எவ்வளவு முறுக்கியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: கறள் பிடிக்கக்கூடாது என்று புரியில் கிறீஸ் பூசாதே. முறுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது; மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் புரியிலும் உராய்வில் போகிறது. கிறீஸ் அந்த உராய்வைக் குறைத்துவிட்டால், தராசு அதே 12 கிலோவைக் காட்டும், போல்ட் மட்டும் எல்லை தாண்டி நீண்டிருக்கும். கையேட்டின் எண் உலர்ந்த புரிக்கு என்றால் உலர்ந்த புரிதான். காலிப்பர் வழுக்கும் ஊசிகளுக்கு இறப்பரைக் கெடுக்காத சிலிக்கன் கிறீஸ் வேறு. அதை அங்கே பூசு, இங்கே கொண்டுவராதே.

பூட்டிய பிறகு மகளின் நகப்பூச்சை வாங்கி, போல்ட்டின் தலையிலிருந்து காலிப்பருக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடையும். காலையில் வண்டி எடுக்கும்போது குனிந்து ஒரு பார்வை போதும். பிறகு முன் பிரேக் பிடியை நாலைந்து தடவை அழுத்தச் சொன்னேன். முதல் மூன்று தடவை அது கைப்பிடிவரை சும்மா வந்தது. புதிய பேட் போட்ட வண்டியை இப்படி அழுத்திப் பார்க்காமல் எடுத்துப் போய், முதல் சந்தியில் பிரேக் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. நாலாவது தடவையில் பிடி கல்லாக நின்றது. முற்றத்தில் நடை வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து, கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறந்துவிட்டேன்.

பழைய போல்ட்டுகளில் கீறல் போட்டது கருவிப் பெட்டிக்குள் போய்விட்டது. மற்றது இன்னும் சிரட்டைக்குள்தான் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை.